தூக்க மருந்து குளோரல் ஹைட்ரேட்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரியில் கடலூர் சாலையில், முதலியார்பேட்டைப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டோடு வரும் தாய்மார்கள், பி.பார்ம் படிக்கும் பிள்ளைகள், துப்பறியும் கதை படித்துவிட்டு வருகிறவர்கள், தூக்கம் வராத பெரியவர்கள் என்று எல்லார் கேள்வியும் ஏனோ கடைசியில் ஒரே மருந்தில் வந்து நிற்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அளவு மட்டும் இங்கே இருக்காது. அது சீட்டு எழுதிய டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டியது.

குளோரல் ஹைட்ரேட்னா என்னதுங்க?

ஆய்வுக்கூடத்தில் செய்த பொருள்களில் தூக்க மருந்தான முதலாவது. 1869இல் புழக்கத்துக்கு வந்தது. பார்க்கக் கண்ணாடித் துண்டு போல நிறமில்லாத படிகம். மூக்கைத் துளைக்கும் வாடை, நாக்கில் வைத்தால் கசப்பும் காரமும். தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். சாராயத்தையும் குளோரின் வாயுவையும் வைத்துச் செய்தார்கள்.

அதற்கு முன்னால் தூங்க வேண்டுமென்றால் அபினி, இல்லையென்றால் மது. அபினி வலியையும் அடக்கும், கூடவே மலத்தைக் கட்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கும், பழக்கத்தில் தள்ளும். அது செடியின் பால் என்பதால் சரக்குக்குச் சரக்கு வீரியமும் மாறும். குளோரல் அப்படியில்லை. எடை போட்டு, ஒரே மாதிரி, மலிவாகக் கொடுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மனநல விடுதிகளில் ராத்திரி நேரத்தில் இது பெருவாரியாகப் போனதற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடிச்சது லீபிக்குன்னு ஒரு புக்ல இருக்கு, லீப்ரைக்னு இன்னொரு புக்ல இருக்கு. எது சரி சார்?

இரண்டும் சரி. பொருளைச் செய்தவர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், ஜெர்மனியின் கீசன் நகரில், 1832இல். அவருக்கு அது வேதியியல் சரக்கு, அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அது யாரையும் தூங்க வைக்காமல் புட்டியிலேயே கிடந்தது. அதை மருந்தாக்கியவர் பெர்லினில் இருந்த ஆஸ்கர் லீப்ரைக், 1869இல்.

லீப்ரைக் அதை எப்படிப் பிடித்தார் என்பதுதான் எனக்கு இந்த மருந்தின் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம். குளோரலோடு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருள், சேர்த்தால் குளோரோஃபார்ம் வரும். இது சோதனைக் குழாயில் யாரும் செய்து பார்க்கலாம். குளோரோஃபார்ம் 1847இலிருந்தே அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகப் பெயர் பெற்றிருந்தது. மனித ரத்தமும் லேசான காரத்தன்மை உடையது. அப்படியென்றால் குளோரலை விழுங்கினால் ரத்தத்துக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரோஃபார்ம் உண்டாகும், ஆள் தூங்குவான் என்று அவர் கணக்குப் போட்டார். கொடுத்துப் பார்த்தார்கள், ஆள் தூங்கினான்.

கணக்கு மட்டும் தப்பு. அந்த வினையை நடத்துகிற அளவுக்கு ரத்தத்தில் காரம் கிடையாது. குளோரோஃபார்மும் தூக்கத்துக்குக் காரணமில்லை. காரணம் தப்பாக இருந்தும் மருந்து சரியாக வேலை செய்தது. மருந்தியலில் இப்படி நடப்பது ஒன்றும் அபூர்வமில்லை.

அப்போ தூங்க வைக்கிறது எது?

குடலிலிருந்து ஏறியதும் கல்லீரலும் ரத்த அணுக்களும் சேர்ந்து சீக்கிரமே இதை டிரைகுளோரோ எத்தனால் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. தூக்கம் அதன் வேலை. மூளை நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டிவிடுகிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கண் சொருகும்.

உடம்பிலிருந்து வெளியேறுவதுதான் தாமதம். பெரியவர்களுக்கு ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகவே சுமார் 8 முதல் 12 மணி நேரம் ஆகும். பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் நீளும். இந்த ஒரு சங்கதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

குழந்தைக்கு இ.இ.ஜி எடுக்கணும்னு ஒரு சிரப் எழுதிக் குடுத்தாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா அண்ணா?

சீட்டில் டிரைக்ளோஃபாஸ் என்று இருக்கும், கடையில் பெடிக்ளோரில் என்ற பெயரில் கேட்பார்கள். குளோரல் ஹைட்ரேட்டின் நெருங்கிய சொந்தம். முந்தைய பதிலில் சொன்ன டிரைகுளோரோ எத்தனாலோடு ஒரு பாஸ்பேட்டைக் கட்டியது டிரைக்ளோஃபாஸ். வயிற்றுக்குள் போனதும் அந்தக் கட்டு அவிழ்ந்து அதே டிரைகுளோரோ எத்தனால் வெளியே வரும். குளோரலின் கசப்பும் வயிற்றெரிச்சலும் இதில் குறைவு, அதனால் குழந்தை துப்பாது.

மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி, இதயத்தை ஸ்கேன் பார்க்கும் எக்கோ, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எல்லாவற்றுக்கும் குழந்தை ஆடாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தையிடம் அசையாதே என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்தத் தூக்கம். இது அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம் இல்லை, வலியையும் அடக்காது.

கடலூர்ல இருந்து வரோம். வீட்லயே குடுத்துட்டு பஸ் ஏறிட்டா இங்க வர்றதுக்குள்ள தூங்கிடும்ல?

செய்யாதீர்கள். நூறு பேர் செய்து ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், இருந்தாலும் வேண்டாம். மடியில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்திருப்பீர்கள். மருந்துத் தூக்கத்தில் கழுத்து துவண்டு, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். சாதாரணத் தூக்கத்தில் குழந்தை தானே தலையைத் திருப்பிக்கொள்ளும், இதில் திருப்பாது. கூட்டமான பஸ்ஸில், முள்ளோடை நெரிசலில் வண்டி நிற்கும்போது, துணி போர்த்திய குழந்தையின் உதடு நிறம் மாறுவதை யார் பார்ப்பார்கள்? வெளிநாடுகளில் இப்படி வண்டியில் வரும்போதும் திரும்பும்போதும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது.

பாட்டிலை மூடி திறக்காமல் கொண்டு போங்கள். டெஸ்ட் எடுக்கும் இடத்தில் நர்ஸ் எடை பார்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கட்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. எப்போதிலிருந்து பால் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இ.இ.ஜி என்றால் அன்று காலை குழந்தையைச் சீக்கிரம் எழுப்பிவிடச் சொல்வார்கள். அதைச் செய்தாலே பல குழந்தைகள் மருந்தில்லாமல் தூங்கிவிடும்.

குடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு, தூங்காம இன்னும் ஆட்டம் போடுது. இன்னொரு மூடி ஊத்தலாமா?

நீங்களாக ஊற்றக் கூடாது. சில குழந்தைகளுக்கு இது முதலில் எரிச்சலையும் ஆட்டத்தையும்தான் கிளப்பும், தூக்கம் பிறகு வரும். இரண்டாவது தடவை கொடுப்பதா, டெஸ்டைத் தள்ளிப் போடுவதா என்பது டாக்டர் முடிவு. முதலில் கொடுத்ததே இன்னும் முழுதாக உள்ளே இருக்கிறது.

குழந்தை வாந்தி எடுத்துவிட்டாலும் இதே பதில். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

டெஸ்ட் முடிஞ்சிடுச்சு, பாட்டில்ல பாதி இருக்கு. ராத்திரி ரொம்ப அழுவுது...

கேள்வியை முடிக்காமலே நிறுத்திவிடுவார்கள், எனக்குப் புரிந்துவிடும். அம்மா தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் கூடாது. அழுகைக்குக் காது வலி இருக்கலாம், வயிற்று உப்புசம் இருக்கலாம், காய்ச்சலின் தொடக்கமாக இருக்கலாம். மருந்து அழுகையை நிறுத்தும், காரணம் அப்படியே உள்ளே இருக்கும். நாள்தோறும் கொடுத்தால் வெளியேறத் தாமதமாகும் பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கே தூக்கம் வரலைங்க. பழைய மருந்துன்னா பக்க விளைவு இருக்காதாமே, அதையே குடுங்களேன்.

பழையது என்பதற்காக ஒரு மருந்து சாது ஆகிவிடாது. இது வயிற்றைப் புண்ணாக்கும். தொடர்ந்து எடுத்தால் ஓரிரு வாரத்தில் அதே அளவுக்குத் தூக்கம் வராமல் போகும். அளவைக் கூட்டத் தோன்றும். பழகிய பிறகு சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரை போகும். எல்லாவற்றுக்கும் மேல், தூங்க வைக்கும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பச் சின்னது. இதற்கென்று தனி முறிவு மருந்தும் கிடையாது.

ஜான் டிண்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் டிண்டால் விளைவு என்று படித்திருப்பீர்கள், தூசியில் ஒளிக்கற்றை தெரிவது, அவரேதான். வயதான காலத்தில் அவருக்குத் தூக்கம் வராது, வயிற்றுக் கோளாறும் உண்டு. ராத்திரிக்குக் குளோரல், காலையில் வயிற்றுக்கு மக்னீசியா. 1893 டிசம்பர் 4ஆம் தேதி காலை அவர் மனைவி லூயிசா மக்னீசியா என்று நினைத்துக் கொடுத்தது குளோரல். தவறு உடனே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர்களும் வந்தார்கள், அன்றே இறந்துபோனார். கொடுத்தவர் அவரை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட மனைவி. அந்தக் காலத்துக் கண்ணாடிப் புட்டிகள் வேறு ஒன்றுபோல ஒன்று இருக்கும். இன்றைக்கும் இரண்டு சிரப் பாட்டில்களை ஒரே அலமாரித் தட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதை மனதில் வைத்துத்தான்.

தூக்கமின்மைக்கு டாக்டரைப் பாருங்கள். அல்பிரசோலம், டயாசிபம், சோல்பிடம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தர முடியாது. தந்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர், பக்கத்துத் தெரு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

மர்லின் மன்றோ செத்தது இதாலயா?

1962இல் அவர் இறந்தபோது உடம்பில் இரண்டு மருந்து இருந்தன: பென்டோபார்பிட்டால் என்ற பார்பிச்சுரேட் வகைத் தூக்க மருந்து, கூடவே குளோரல் ஹைட்ரேட். இரண்டும் மூச்சைத் தாழ்த்துபவை, சேர்ந்தால் இன்னும் மோசம். அதற்கு மேல் உலவும் கதைகளுக்கு என்னிடம் பதில் இல்லை, கடையில் கூட்டம் வேறு.

இன்னொரு பெயரும் கேட்பார்கள்: இங்கிலாந்தின் ஓவியரும் கவிஞருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டி. தூக்கத்துக்காக ஆரம்பித்து, கசப்பு தெரியாமலிருக்க மேலே விஸ்கி குடித்து, வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்தார். 1882இல் இறந்தார். அந்த விஸ்கி ஏன் கெடுதல் என்பதற்கு அடுத்த கேள்வி.

பழைய படத்துல கிளாஸ்ல எதையோ கலந்து குடுத்ததும் ஆள் மேஜை மேலயே சாய்ஞ்சிடுவானே, நிஜமா அப்படி நடக்குமா?

படத்தில் காட்டும் வேகத்தில் நடக்காது. முன்னால் சொன்ன அரை மணிக் கணக்கு இங்கேயும் உண்டு. ஆனால் மதுவோடு சேர்த்தால் வேகமும் கூடும், ஆழமும் கூடும். இரண்டையும் உடம்பு கையாள்வது ஒரே நொதியை வைத்து. மது உள்ளே இருந்தால் குளோரல் இன்னும் வேகமாக டிரைகுளோரோ எத்தனாலாக மாறும். அந்த டிரைகுளோரோ எத்தனால் மது உடைவதைத் தடுக்கும். ஒன்று இன்னொன்றை ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மதுக்கடைக்காரன் மிக்கி ஃபின் என்பவன் வாடிக்கையாளரை இப்படி மயக்கிக் கொள்ளையடித்தான் என்று 1903இல் புகார் எழுந்து கடை மூடப்பட்டது. மயக்க மருந்து கலந்த பானத்துக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

ரயிலில் பிஸ்கட், காபி கொடுத்து மயக்குகிறவர்கள் இங்கேயும் உண்டு, மருந்துதான் வேறு வேறு. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மயக்கப் பொருள் கொடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 328, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 123. பத்து வருஷம் வரை சிறை.

கள்ளுல இதைக் கலக்குறாங்களாமே? எல்லை தாண்டி இங்க வந்து குடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க.

தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, புதுச்சேரியில் உரிமத்தோடு கடை உண்டு என்பதால் இந்தக் கேள்வி கடலூர்க்காரர்களிடமிருந்து வருவது நியாயம்தான். இந்தக் கலப்படத்துக்குப் பேர்போனது தெலங்கானாவும் ஆந்திராவும். மரம் தருகிற கள்ளு குடிக்கிற கூட்டத்துக்குப் போதாது. தண்ணீரில் சாக்கரினைப் போட்டு, போதைக்குக் குளோரல் ஹைட்ரேட், டயாசிபம், அல்பிரசோலம் என்று சேர்ப்பார்கள்.

அங்கே ஆபத்து குடித்த அன்றைக்கு மட்டும் இல்லை. கெடுபிடி வந்து கலப்படச் சரக்கு நின்றதும், தினமும் குடித்துப் பழகியவர்கள் வலிப்போடும், சம்பந்தமில்லாத பேச்சோடும் ஆஸ்பத்திரிக்கு வந்து குவிந்தார்கள். கள்ளு நிறுத்தினால் இப்படி ஆகுமா என்று வீட்டார் திகைத்தார்கள். ஆனது கள்ளால் இல்லை, முன்னே சொன்ன நிறுத்தல் விளைவு. தினமும் குடிக்கும் ஆள் திடீரென்று நிறுத்தி இப்படி நடுங்கினால் என்ன குடித்தார், எங்கே குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேப்ல ஆடாதோடை இலையை குளோரல் ஹைட்ரேட்ல போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்றாங்க. தூக்க மருந்துக்கு இங்க என்ன வேலை சார்?

பி.பார்ம் முதல் தலைமுறையிலிருந்து இன்றுவரை மாறாத பாடம் இது. அடர்த்தியான குளோரல் ஹைட்ரேட் கரைசல் இலைத் துண்டிலுள்ள பச்சையம், ஸ்டார்ச், புரதம், மணமுள்ள எண்ணெய் எல்லாவற்றையும் கரைத்துவிடும். செல் சுவர், முடி, இலைத்துளை, கால்சியம் ஆக்சலேட் படிகம் மட்டும் நுண்ணோக்கியில் துல்லியமாக நிற்கும். பச்சையாக, கலங்கலாக இருந்த துண்டு விளக்கு மேல் சில நிமிஷம் காட்டியதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆறியதும் ஸ்லைடில் ஊசி ஊசியாகப் படிகம் பூத்தால் அது இலையுடையது என்று வரைந்துவிடாதீர்கள், குளோரலே திரும்பப் படிகமானது. ஒரு சொட்டு கிளிசரின் விட்டால் அது வராது.

கொதிக்கும்போது ஆவியை முகர வேண்டாம், கண்ணும் தொண்டையும் எரியும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

அதே ஸ்லைடுல அயோடின் விட்டேன், நீலமே வரலை. ஸ்டார்ச் இல்லைன்னு எழுதிடலாமா?

எழுதினால் மார்க் போகும். ஸ்டார்ச்சைக் குளோரல் கரைத்துவிட்டது என்று மேலேயே சொன்னேன். அயோடின் சோதனைக்குத் தண்ணீரில் வைத்த புதுத் துண்டு எடுங்கள்.

டி.டி.டி. பவுடரும் இதுல இருந்துதான் வந்ததாமே?

ஆமாம். நீர் சேராத குளோரலையும் குளோரோபென்சீனையும் கந்தக அமிலத்தில் சேர்த்தால் டி.டி.டி. ஒட்மார் ஸைட்லர் 1874இலேயே செய்துவிட்டார். அது பூச்சியைக் கொல்லும் என்று பவுல் முல்லர் 1939இல் கண்டார், 1948இல் நோபல் பரிசு வாங்கினார். லீபிக்குக்கு நடந்ததே ஸைட்லருக்கும் நடந்தது.

கேன்சர் வரும்னு போட்டிருக்காங்க, குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு தடவை குடுத்துட்டோமே?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014இல் குளோரலையும் குளோரல் ஹைட்ரேட்டையும் 2ஏ பிரிவில் வைத்தது. மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது அந்தப் பிரிவின் பொருள். அந்தப் பட்டியல் ஒரு பொருள் புற்றுநோய் தருமா என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்று சொல்கிறது. ஒரு டோஸில் எவ்வளவு ஆபத்து என்று சொல்வதில்லை. ஒரு டெஸ்டுக்காக ஒரு தடவை கொடுத்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உடனடியாகப் பார்க்க வேண்டியது மூச்சும் இதயத் துடிப்பும்தான். இதயக் கோளாறுள்ள குழந்தை என்றால் அதை மருந்து கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது.

இவ்வளவு பேர் வாங்கின மருந்து அப்புறம் ஏன் காணாம போச்சு?

அடுத்தடுத்து புதுசு வந்தது. 1882இல் பாரால்டிஹைடு, வாடை இதைவிட மோசம். 1903இல் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபொன் மேரிங்கும் பார்பிட்டால் கொண்டு வந்தார்கள். வெரோனால் என்று விற்றது. 1912இல் ஃபீனோபார்பிட்டால், இன்றும் வலிப்புக்குக் கொடுக்கிறோம். 1960இல் குளோர்டயாசிபாக்சைடு வந்து டயாசிபம் போன்ற பென்சோடயசிபின் வகை மருந்துகளின் காலம் தொடங்கியதும் பெரியவர்களுக்குக் குளோரல் தேவைப்படாமல் போயிற்று. அமெரிக்காவில் தயாரிப்பு 2012இல் நின்றது. குழந்தைகள் டெஸ்ட் அறையிலும் மாணவர் நுண்ணோக்கியின் அடியிலும்தான் இந்தக் குடும்பம் இன்னும் இருக்கிறது.

தாத்தா பிரெஞ்சுக்காரங்க ஆஸ்பத்திரில கம்பவுண்டரா இருந்தார். பெட்டில குளோரால்னு பிரெஞ்சு லேபிள் ஒட்டின பாட்டில் இருக்கு. என்ன பண்றது?

திறந்து முகராதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். வெளிச்சத்திலும் காலப்போக்கிலும் கரைசல் சிதைந்திருக்கும். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று லேபிள் சொல்லாது. தக்கை உளுத்திருந்தால் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். லேபிளை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். மருத்துவக் கழிவு வாங்கும் ஏற்பாடுள்ள ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அதைக் காட்டிப் பேசிவிட்டு, பிறகு பாட்டிலை எடுத்துப் போகலாம். காலி பாட்டிலைக் கழுவி அலமாரியில் அழகுக்கு வைக்கலாமா என்பவர்களுக்கு: பாட்டிலைக் காலி செய்கிற வேலையே உங்களுடையது இல்லை.